இடது பக்கத்துல முளைச்ச அஞ்சு கை

நட்சத்திர மீனை படத்துல பாக்குற யாருக்கும் முதல்ல தோணுறது, இது ரொம்ப சிம்பிளான உயிரினம் போலன்னு தான். அஞ்சு கை, நடுவுல வாய், தலை கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, எப்படி திருப்பி வெச்சாலும் ஒண்ணு தான். இந்த நினைப்பு எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, ஏன்னா அந்த அஞ்சு கைக்கு பின்னாடி இருக்குற கதை விலங்கு உலகத்துலயே சிக்கலான கதைகள்ல ஒண்ணு, நம்ம பசங்க அதை ஒரே வரில படிச்சுட்டு அடுத்த பாடத்துக்கு போயிடறாங்க.

நான் தர்மபுரில பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்குறேன். நட்சத்திர மீன், உடம்பெல்லாம் முள்ளு இருக்குற கடல் முள்ளெலி எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு முட்தோலிகள்னு பேரு, அதை சொன்னாலே எல்லாருக்கும் அந்த வரி மனப்பாடம்: லார்வா (முதல் குட்டிப் பருவம்) இருபக்கச் சமச்சீர், அதாவது இடது வலது சமம், வளர்ந்த உயிரி ஆரச் சமச்சீர், அதாவது நடுவுல இருந்து சுத்திலும் சமம். நீட்ல கேட்டா நாலு மார்க், அவ்ளோ தான். ஆனா பென்னாகரம் பக்கத்துல இருந்து பஸ் ஏறி வர்ற ஒரு பொண்ணு கேட்டா பாருங்க, "மிஸ், குட்டியா இருக்கும்போது அதுக்கும் இடது வலதுன்னு ரெண்டு பக்கம் இருக்குல்ல, பெருசானப்புறம் அந்த ரெண்டு பக்கமும் எங்க போச்சு?" எவ்ளோ நல்ல கேள்வி! கிளாஸ்ல சொன்னதையும் நேரம் பத்தாம விட்டதையும் சேத்து இங்க எழுதுறேன்.

ஜெல்லி மீனும் வட்டமா இருக்கு, நட்சத்திர மீனும் வட்டமா இருக்கு, அதனால 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல குவியர்ங்கற பிரெஞ்சு விலங்கியலாளர் ரெண்டையும் ரேடியேட்டான்னு ஒரே குரூப்ல போட்டுட்டார். பாக்க அப்படித்தான் தெரியும். ஆனா கருவளர்ச்சிய பாத்தா முட்தோலிகள் நம்ம பக்கத்து ஆளுங்க, கருல முதல்ல தோணுற துளை ஆசனவாயா மாறுற கூட்டம், முதுகெலும்பிகளும் அதே கூட்டம் தான். பூச்சிய விட, நத்தைய விட, நட்சத்திர மீன் நமக்கு நெருங்குன சொந்தம். அப்போ அதோட மூதாதை கண்டிப்பா இடது வலது இருந்த ஒரு பிராணி, அஞ்சுங்கறது அதுக்கு அப்புறம் வந்து சேந்தது.

எப்படி வந்து சேந்துச்சுங்கறத இன்னிக்கும் ஒவ்வொரு லார்வாவுலயும் பாக்கலாம். கடல் முள்ளெலியோட லார்வாவுக்கு புளூட்டியஸ்னு பேரு, கண்ணுக்கு தெரியாத அளவு சின்னது, தண்ணில மிதந்துட்டு பாசி சாப்பிடும், இடது வலது ரெண்டும் சரியா இருக்கும். அதோட குடலுக்கு ரெண்டு பக்கமும் சின்ன சின்ன பைகள் இருக்கும். கொஞ்ச நாள்ல இடது பக்கத்து பை ஒண்ணு மட்டும் பெருசாகும், வலது பக்கத்துல அதுக்கு ஜோடி வளராமலே நின்னுடும். இடது பக்கத்து அந்தப் பைல தான் அஞ்சு புடைப்பு கிளம்பும், அது தான் பின்னாடி நீர்க்குழாய் மண்டலமா, அதாவது உடம்புக்குள்ள தண்ணி ஓடுற குழாய் வலையா மாறி அஞ்சு திசைக்கும் குழாய்க்கால் (மெல்லிய குழாய் மாதிரி கால்) அனுப்பும். அந்த அஞ்சு புடைப்ப சுத்தி குட்டி முள்ளெலி லார்வாவோட உடம்புக்கு உள்ளயே, இடது பக்கத்துல உருவாகுது, ஒரு கட்டத்துல லார்வா கடல் தரைல போய் உக்காந்து ரொம்ப கொஞ்ச நேரத்துல உள்ள இருந்தது வெளிய வந்துடும். லார்வாவோட இடது பக்கம் வாய் இருக்குற அடிப்பக்கமா ஆகுது, வலது பக்கம் முதுகுப்பக்கமா ஆகுது.

அந்தப் பொண்ணோட கேள்விக்கு பதில் இது தான். ரெண்டு பக்கமும் எங்கயும் போகல, ஒண்ணு கீழ இருக்கு, ஒண்ணு மேல இருக்கு.

இதுல என்னை ரொம்ப அசர வெச்சது நோடல்னு ஒரு ஜீன் விஷயம். நம்ம கருல இடது பக்கத்துல வேலை செஞ்சு இதயம் எந்தப் பக்கம் சாயணும்னு முடிவு பண்றதுல பங்கு இருக்குற அதே ஜீன், முள்ளெலி லார்வால வலது பக்கத்துல வேலை செய்யுது, அங்க நின்னு "இந்தப் பக்கம் குட்டி உருவாகக் கூடாது"ன்னு தடுக்குது. பிரான்ஸ்ல ஒரு குழு 2005ல வெளியிட்ட ஆய்வுல நோடல் சிக்னலை தடுத்தப்போ, ரெண்டு பக்கமும் குட்டி உருவாக ஆரம்பிச்சுது. வலது பக்கத்துக்கும் அஞ்ச உருவாக்குற திறமை உள்ளுக்குள்ள இருக்கு, ஒரு தடை அதை அமுக்கி வெச்சிருக்கு, அவ்ளோ தான்.

சரி இப்போ முள்ளெலி ஓட்ட உண்டாக்குற சின்னச் சின்ன தகடுகளுக்கு வர்றேன், எனக்கு மனசுக்கு பிடிச்ச பகுதி இது. ராமேஸ்வரத்துல சங்கு சிப்பி விக்கிற கடைகள்ல முள்ளெல்லாம் உதிர்ந்த கடல் முள்ளெலி ஓடு கிடைக்கும், எங்க சித்தப்பா வாங்கிட்டு வந்தது ஒண்ணு என் மேஜை மேல தான் இருக்கு. உருண்டையா, அடியும் மேலும் கொஞ்சம் தட்டி விட்டாப்ல இருக்கும், அடில பெரிய ஓட்டை வாய் இருந்த இடம். ரூம் லைட்ட அணைச்சுட்டு செல்போன் டார்ச்ச அந்த வாய் ஓட்டைக்கு நேரா பிடிச்சு ஓட்டோட மேல்பக்கத்துல இருந்து பாருங்க. அஞ்சு பட்டைல வரிசை வரிசையா புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும், புள்ளிகள் ஜோடி ஜோடியா இருக்கும், ஒவ்வொரு ஜோடியும் ஒரு குழாய்க்கால் வெளிய வந்த வழி. வெளிச்சம் வராத அஞ்சு பட்டை அதுக்கு நடுநடுவுல. பட்டையோட நடுவுல விரல் நகத்தால தடவினா வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு கோடு தெரியும், ரெண்டு வரிசைத் தகடு பல்லோட பல்லு கோத்த இடம் அது. ஒவ்வொரு பட்டைக்கும் ரெண்டு வரிசை, பத்து பட்டைக்கு மொத்தம் 20 வரிசை. தகடு மேல இருக்குற சின்ன சின்ன குமிழ்ல தான் முள்ளு உக்காந்து எல்லா திசைலயும் திரும்பும்.

மேல உச்சில ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதுல பத்து தகடு மாறி மாறி. அஞ்சுல தலா ஒரு துளை, முட்டையும் விந்தும் வெளிய போறதுக்கு. அந்த அஞ்சுல ஒண்ணு மட்டும் மத்ததை விட பெருசா, சல்லடையா நுணுக்கி நுணுக்கி துளை போட்டு இருக்கும், அது தான் நீர்க்குழாய் மண்டலத்தோட வாசல், மாட்ரிபோரைட். லென்ஸ் வெச்சு பாத்தா தெளிவா தெரியும். அந்த ஒரு தகட்ட பாத்த நிமிஷமே அஞ்சு பக்கமும் சமம்ங்கற பேச்சு முடிஞ்சு போச்சு, ஏன்னா அஞ்சு திசைல ஒரு திசைக்கு அடையாளம் வந்துடுச்சு.

இந்தத் தகடு எதுல ஆனது? மக்னீசியம் கலந்த கால்சைட். நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் துண்டு ஒண்ண கைல எடுத்தா விரல் நுனி அளவு இடத்துலயே குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், கருப்பு மைக்கான்னு பல படிகம் நெருக்கிக்கிட்டு இருக்கும், அதை பாலிஷ் போட்டு தான் ஏத்துமதி பண்றாங்க. முள்ளெலியோட ஒரு தகடு முழுசும், ஒளியியல் கணக்குல, ஒரே படிகம். ஆனா அந்தப் படிகத்துல கிட்டத்தட்ட பாதி வெறும் ஓட்டை, முப்பரிமாண வலை, ஓட்டைக்குள்ள உயிருள்ள திசு. இந்த வலைக்கு ஸ்டீரியோம்னு பேரு. உயிரோட இருக்குற முள்ளெலி முள்ள உடைச்சா கால்சைட்டுக்கு உரிய தட்டையான பிளவு வராது, வளைஞ்சு உடையும், அதே முள்ளு மண்ணுக்குள்ள புதைஞ்சு ஓட்டையெல்லாம் கால்சைட் நிரம்பி கல்லா ஆயிடுச்சுன்னா தட்டையா பளபளன்னு பிளக்கும். இந்த வலை அமைப்பு முட்தோலிகளுக்கே உரியது, அதனால தான் எங்கயோ ஒரு பாறைல ஒரே ஒரு தகடு கிடைச்சாலும் இது முட்தோலியோடதுன்னு ஆளுங்க தைரியமா சொல்றாங்க. இன்னொண்ணு, இது வெளி ஓடு கிடையாது, மேல தோல் இருக்கு, நம்ம எலும்பு மாதிரி உள்சட்டகம். பசங்க நிறைய பேர் இதை நத்தை ஓட்டோட குழப்பிக்கறாங்க.

தகடு எங்க புதுசா சேருதுங்கறதுல தான் பெரிய ரகசியம் இருக்கு. நட்சத்திர மீன் கைல நுனில ஒரு தகடு இருக்கும், அதுக்கு ஒட்டின உள்பக்கம் தான் புதுத் தகடு பிறக்கும், பழசெல்லாம் வாய்ப்பக்கம் தள்ளி நிக்கும். முள்ளெலில அந்த நுனித் தகட்டுக்கு ஈடானது உச்சி வட்டத்துல இருக்குற பத்துல மீதி அஞ்சு தகடு, ஆக்குலர் தகடுன்னு சொல்வாங்க. ஒவ்வொரு ஆக்குலர் தகட்டுப் பக்கத்துலயும் நாலு வரிசைக்கு புதுத் தகடு சேருது, அஞ்சு நாலு 20, மேல எண்ணின கணக்கு சரியா வருதா? கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது பேப்பரோட முனையெல்லாம் மேல தூக்கி ஒண்ணா சேப்பாருல்ல, நட்சத்திர மீனோட அஞ்சு கையும் அப்படி மேல மடிஞ்சு நுனிகள் உச்சில கிட்டகிட்ட வந்தா அது தான் முள்ளெலி. நட்சத்திர மீனோட அகலமான முதுகு, முள்ளெலில அந்த உச்சி வட்டம் அளவுக்கு சுருங்கிப் போச்சு.

ரிச் மூயி, ப்ரூனோ டேவிட்னு ரெண்டு பேர் 1990கள்ல இதை ஒரு பெரிய சட்டமாவே வெச்சாங்க. முட்தோலியோட உடம்புச் சுவர் எல்லாமே ரெண்டு வகை தான், நீர்க்குழாயோட நுனிய ஒட்டி ஒழுங்கா வரிசைல பிறக்குற தகடுகள் ஒரு வகை, அந்த வரிசைக் கட்டுப்பாடு இல்லாம எங்க இடம் இருக்கோ அங்க முளைக்குற தகடுகள் இன்னொரு வகை. கடல் அல்லியோ, முள்ளெலியோ, நட்சத்திர மீனோ, இந்த ரெண்டும் எவ்ளோ எவ்ளோ பங்குங்கறது தான் வித்தியாசம். எல்லாரும் எல்லா விவரத்தையும் ஏத்துக்கல, ஆனா இதை தெரிஞ்சுக்கிட்டு ஒரு ஓட்ட பாத்தா அப்புறம் வெறும் அலங்காரமா பாக்கவே முடியாது.

இதுக்கெல்லாம் முன்னாடியே, 1874ல, ஸ்வென் லோவேன்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி குட்டி முள்ளெலிகளோட வாய் ஓரத்துத் தகடுகள ஒண்ணு ஒண்ணா பாத்து ஒரு விஷயம் கண்டுபிடிச்சார். குழாய்க்கால் பட்டை அஞ்சுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரை நம்பர், ஒவ்வொரு பட்டைலயும் ரெண்டு வரிசைக்கு ஏ, பி. வாய் ஓரத்துல இருக்குற அந்த முதல் ஜோடில எது பெருசுன்னு சுத்தி வந்து பாத்தா ஏ, ஏ, பி, ஏ, பி. இந்த முள்ளெலி அந்த முள்ளெலின்னு இல்ல, பாத்ததெல்லாம் இதே வரிசை. ஒரு பேப்பர்ல நடுவுல இருந்து அஞ்சு கோடு போட்டு, ஏ-ன்னா கோட்டுக்கு ஒரு பக்கம், பி-ன்னா மறு பக்கம் புள்ளி வெச்சு பாருங்க, எந்தக் கோட்டுல மடிச்சாலும் பொருந்தாது, ஒரு இடம் ரெண்டு இடம்னு சுத்தினாலும் பொருந்தாது. வெளிய பாத்தா அழகா அஞ்சு, உள்ள தகட்டுக் கணக்குல அஞ்சும் அஞ்சு விதம். எனக்கு இந்த வரிசைய பாக்கும்போதெல்லாம் சிலிர்க்கும், இத்தனை வகை முள்ளெலியும் ஒரு பழைய ஒழுங்கீனத்த ஒழுங்கா காப்பாத்திட்டு வருது.

அந்தப் பழசு எவ்ளோ பழசு? இதுக்கு பதில் நம்ம ஊர்ல கிடைக்காது. ஒகேனக்கல் பக்கமோ கிருஷ்ணகிரி மலைலயோ நம்ம மிதிக்கிற பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம், அதுவும் பூமிக்கு ரொம்ப ஆழத்துல வெந்து உருமாறி வந்த பாறை. முட்தோலிகளோட எச்சம் பாறைல தெரிய ஆரம்பிக்கறதே கேம்பிரியன் காலத்துல, சுமார் 52 கோடி வருஷம் முன்னாடி தான். அந்தக் காலத்துப் பாறைகள்ல தான் விசித்திரமான ஆளுங்க கிடைக்கறாங்க. ஸ்பெயின்ல கிடைச்ச டீனோஇம்ப்ரிகேட்டா, 2012ல விவரிச்சாங்க, தட்டையா, இடது வலது ரெண்டும் கிட்டத்தட்ட சமமா, ஆனா உடம்பெல்லாம் ஸ்டீரியோம் தகடு. சிங்டான்னு ஒரு கூட்டம், ஓரமெல்லாம் தகடு வெச்ச சட்டம், இடது வலது சமம் இல்லாம கோணலா இருக்கும். அப்புறம் கலிஃபோர்னியால கிடைச்ச ஹெலிகோபிளேகஸ், 1963ல டர்ஹம், கேஸ்டர்னு ரெண்டு பேர் விவரிச்சது, தகடு வரிசையெல்லாம் உடம்ப சுத்தி திருகுச்சுருளா போகும், உணவு இழுக்குற பாதை அதுல மூணு தான். மொராக்கோல கிடைச்ச ஹெலிகோசிஸ்டிஸ்ல, 2013ல வெளியானது, சுருளும் இருக்கு, பாதை அஞ்சும் இருக்கு.

மூணுல இருந்து அஞ்சு எப்படி? எட்ரியோஆஸ்டிராய்டுன்னு அழிஞ்சு போன ஒரு கூட்டத்த பாத்தா புரியும். அதுகளோட வாய்ல இருந்து கிளம்புற பாதை மூணு தான், முன்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அப்புறம் பக்கத்துப் பாதை ரெண்டும் தலா ரெண்டா பிரியும். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. மொத்தம் அஞ்சு. அதாவது இந்த அஞ்சுக்கு உள்ள ஒரு நடு இருக்கு, ஒரு இடது இருக்கு, ஒரு வலது இருக்கு, அது சமமான அஞ்சா பிறக்கவே இல்ல. இதை கிளாஸ்ல போர்டுல வரைஞ்சப்போ பின் பெஞ்ச் பசங்க கூட நோட்ட எடுத்தாங்க, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா இதை ஒரு ஏணியா நினைச்சுடாதீங்க, ரெண்டு பக்கம், கோணல், மூணு, அஞ்சுன்னு பாறைல அழகா படிப்படியா அடுக்கி வெச்சு இல்ல, இவங்க பல பேர் கிட்டத்தட்ட ஒரே காலத்துல தான் வர்றாங்க. ஆண்ட்ரூ ஸ்மித், சமோரா, ரஹ்மான் மாதிரி ஆய்வாளர்கள் ரெண்டு பக்கம் இருக்குறது தான் மூத்ததுன்னு சொல்றாங்க, இன்னொரு தரப்பு இல்ல அந்த கோணல் ஆளுங்க தான் பின்னாடி மாறிப் போனவங்கன்னு சொல்றாங்க. எனக்கு முதல் தரப்பு தான் சரியா படுது, லார்வா சொல்றதும் பாறை சொல்றதும் அங்க ஒத்துப் போகுது. ஜெஃப்ரீஸ்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, இந்த கோணல் ஆளுங்கள்ல வால் மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குற ஸ்டைலோஃபோரா கூட்டத்த முதுகுநாணிகளோட (முதுகெலும்பிகள் சேர்ந்த கூட்டம்) மூதாதைன்னே பல வருஷம் வாதாடினார். மொராக்கோல மென்திசுவோட கிடைச்ச புதைபடிவத்த வெச்சு 2019ல வந்த ஆய்வுல, அந்த "வால்"குள்ள நீர்க்குழாயும் குழாய்க்காலும் இருந்தது தெரிஞ்சுது, அது வால் இல்ல, கை.

சரி ஏன் அஞ்சு, ஏன் நாலோ ஆறோ இல்ல? 1967ல டேவிட் நிக்கோல்ஸ்னு ஒரு விலங்கியலாளர் ஒரு விளக்கம் சொன்னார், தகட்டுக்கு தகடு சேர்ற இடம் தான் பலவீனம், ஒற்றைப்படைல இருந்தா ஒரு இணைப்புக்கு நேர் எதிர்ல இன்னொரு இணைப்பு வராது, அதனால ஓடு சுலபமா பிளக்காதுன்னு. கேக்க நல்லா இருக்கு, எனக்கு திருப்தி இல்ல. அஞ்சுங்கறது முதல்ல முடிவாகறது தகட்டுல இல்ல, லார்வாவோட இடது பைல, மென்மையான திசுல, தகடெல்லாம் அதை பின்தொடர்ந்து வருது. மூணு பாதைல ரெண்டு பிரிஞ்சதால அஞ்சுங்கறது எப்படி வந்துச்சுன்னு சொல்லுது, ஏன் அதுலயே நிலைச்சு நின்னுச்சுங்கறது இன்னும் திறந்த கேள்வி தான்.

20 வரிசைக் கணக்குக்கு மட்டும் வேற ஒரு காரணம் தெளிவா இருக்கு. பழைய முள்ளெலிகள்ல வரிசை எண்ணிக்கை இஷ்டத்துக்கு இருந்துச்சு, சிலதுல பட்டைக்கு பட்டை நிறைய வரிசை. சுமார் 25 கோடி வருஷம் முன்னாடி பெர்மியன் முடிவுல கடல் உயிரினம் பெரும்பாலும் அழிஞ்சப்போ முள்ளெலிகள்ல தப்பிச்சது ரொம்ப சில வம்சம் தான். இன்னிக்கு இருக்குற எல்லாத்துக்கும் 20 இருக்குன்னா, தப்பிச்ச மூதாதைக்கு 20 இருந்துச்சுங்கறதால.

தலை இல்லன்னு ஆரம்பத்துல சொன்னேன்ல, அதுக்கும் 2023ல ஒரு பதில் வந்துச்சு. லாரன்ட் ஃபார்மெரி, க்ரிஸ்டோபர் லோவ் குழு ஒரு வகை நட்சத்திர மீன்ல எந்த ஜீன் எங்க வேலை செய்யுதுன்னு வரைபடம் போட்டாங்க. மத்த விலங்குல தலைல வேலை செய்யுற ஜீன்கள் இதுல ஒவ்வொரு கையோட நடுக்கோடு நெடுக இருக்கு, உடம்புப் பகுதிக்கு உரிய ஜீன் வெளித்தோல்ல கிட்டத்தட்ட காணவே காணோம். தலையே இல்லன்னு நினைச்ச பிராணி கிட்டத்தட்ட முழுசும் தலைன்னு ஆயிடுச்சு!

இவ்ளோ கஷ்டப்பட்டு அஞ்சா மாறினதுல சில கூட்டம் திரும்பவும் ரெண்டு பக்கத்துக்கு போயிடுச்சு. கடல் அட்டை ஒருக்களிச்சு படுத்து நீளமாயிடுச்சு, தகடெல்லாம் தோலுக்குள்ள பெரும்பாலும் மைக்ராஸ்கோப்ல தான் தெரியுற துணுக்கா சுருங்கிடுச்சு. முள்ளெலிகள்ல ஜுராசிக் காலத்துல இருந்து ஒரு கிளை மணலுக்குள்ள புதைஞ்சு வாழ ஆரம்பிச்சுது, ஒரே திசைல நகரணும்ல, உச்சில இருந்த ஆசனவாய் பின்பக்கம் இறங்கிடுச்சு, முன் பின் இடது வலது எல்லாம் திரும்ப வந்துடுச்சு, மேல பூவிதழ் மாதிரி தெரியுற அஞ்சு குழாய்க்கால் பட்டை மட்டும் அப்படியே. சாண்ட் டாலர், ஹார்ட் அர்ச்சின் எல்லாம் இந்த வகை.

இந்த வகைய நம்மளால நேர்ல பாக்க முடியும். சேலம், ஆத்தூர், பெரம்பலூர் தாண்டி அரியலூர். அங்க சிமெண்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக் கல்லு சுமார் 7 கோடி வருஷம் முன்னாடி கடல் தரையா இருந்தது. அந்தப் பக்கத்து முட்தோலிகள பத்தி ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காங்கற புதைபடிவ ஆய்வாளர் 1873லயே புக் போட்டிருக்கார். ஸ்டிக்மட்டோபைகஸ்னு ஒரு முள்ளெலி அந்தப் பாறைல கிடைக்கும், வாரணவாசி கிட்ட புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கு. லீவுல பசங்கள கூட்டிட்டு போகலாம்னு அவங்க அப்பா அம்மா கிட்ட பேசிட்டு இருக்கேன், வேன் வாடகை தான் இடிக்குது. நீங்க யாராவது முன்னாடி போனா புதைபடிவ முள்ளெலிய பாக்கும்போது முதல்ல மேல இருக்குற இதழ எண்ணுங்க, அப்புறம் ஆசனவாய் துளை எந்த ஓரத்துல இருக்குன்னு தேடுங்க, அது தான் பின்பக்கம், அதை உங்க பக்கம் திருப்பி வெச்சு மேல இருந்து பாத்தா அதோட இடது உங்க இடதுலயே இருக்கும்.